மூன்றாவது சபாஷ்

1

பதினான்கு வருடமாகக் கொரியாவில் கப்பல்களின் மேல் பெயிண்ட் எத்தனை தடிப்பு என்று அளந்துகொண்டிருக்கிறேன். அம்மா இருந்தவரை ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் 'கப்பல் கட்டுற கம்பெனியில இன்ஸ்பெக்டர்' என்று சொல்லிவந்தாள். இன்ஸ்பெக்டர் என்றதும் கடியப்பட்டணத்தில் பாதிப் பேர் என்னைப் போலீஸ் என்று எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிப் பேருக்கும் அதைச் சொல்லிவிட்டார்கள். நிஜத்தில் என் கையில் இருப்பது ஒரு சின்னக் கருவி. இரும்பில் வைத்தால் எண் காட்டும். எண் குறைந்தால் நான் தலையை ஆட்டுவேன். உடனே இன்னொரு பூச்சு அடிப்பார்கள். நான் ஆட்டிய தலைக்கு உலகத்தில் ஏதாவது நடந்தது என்றால் அது இவ்வளவுதான்.

இந்த முறை ஊருக்கு வந்தது அம்மாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு. வந்த இடத்துக்கு இன்னொரு செத்தவளின் காரியமும் பின்னாலேயே விமானம் ஏறி வந்துவிட்டது.

அவள் பெயர் மா ஒக்புன். நாட்டின் தென்மேற்கு மூலையில், மொக்போ துறைமுகத்துக்கு அடுத்த ஒரு கிராமத்தில், எனக்கு முதன்முதலாக வாடகைக்கு அறை கொடுத்தவள். பான்சொரிப் பாடகி. அம்மா போன அதே மாதம் அவளும் போனாள்.

பான்சொரி என்றால் ஒரு பாய், ஒரு விசிறி, ஒரு ஆள். பக்கத்தில் ஒரே ஒரு மேளக்காரர். அந்த ஒரு ஆள் நின்றபடி மூன்று நான்கு மணி நேரம் ஒரு கதையைப் பாடியும் பேசியும் அழுதும் முடிக்க வேண்டும். ராஜாவும் அவள்தான், வேலைக்காரியும் அவள்தான், செத்து விழுகிற படையும் அவள்தான். நம்மூர் வில்லுப்பாட்டிலிருந்து வில்லையும் பக்கப்பாட்டையும் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது எதுவோ அது. குரல் இனிமையாக இருந்தால் அங்கே அது பிஞ்சு. உடைந்து, கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்ததுதான் குரல்.

ஒக்புன் அம்மாளின் வீட்டை நினைவு இல்லமாக ஆக்கப்போகிறார்கள். வாசலில் பலகை வைப்பார்கள். பலகையில் என்ன எழுதுவது என்பதில்தான் தகராறு. மிரான் என்று ஒரு பழைய மாணவி, 'என் இடது காதை உடைத்தவர் இவர், அதையும் சேர்த்து எழுதுங்கள்' என்று மனுக் கொடுத்திருக்கிறாள். மற்ற மாணவர்கள் எல்லோரும், 'அப்படி ஒன்று நடக்கவே இல்லை, பயிற்சி தாங்காமல் ஓடிப்போனவள்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாட்சி என்று மிரான் எழுதியிருந்தது ஒரே ஒரு ஆளை. அடுத்த அறையில் குடியிருந்த இந்தியன். என் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதியிருந்த விதத்தில் பெற்றவளுக்கே என்னை அடையாளம் தெரிந்திருக்காது.

நினைவு இல்லத்தை அமைக்கும் அரசு அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. சம்பந்தப்பட்டவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? உறவினர், அயலார், உடன் வேலை செய்தவர், மற்றவை. எந்தக் கட்டத்திலும் கை போகவில்லை. கடைசியில் அயலாரில் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே எழுதினேன்: 'அப்போது எனக்கு மொழி தெரியாது. ஆகையால் எதுவும் கேட்கவில்லை.'

புத்தகம் படித்தவன் பொய் சொன்னாலும் ஓர் 'ஆகையால்' போட்டுத்தான் சொல்வான். அலுவலகம் அதற்கு மசியவில்லை. அடிச்ச சத்தம் கேட்க மொழி எதற்கு என்று அங்கே எவனோ யோசித்திருக்கிறான். இரண்டாவது கடிதம் வந்தது. வீடியோ அழைப்பில் முகம் பார்த்து விசாரிப்பார்கள். தேதியைப் பார்த்தேன். அம்மாவின் ஆண்டுத் திருப்பலி நாள்.

2

ஒக்புன் அம்மாள் தன் கதையை எனக்குப் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். பூண்டு உரிக்கும்போது சொல்லக்கூடிய கதை இல்லை அது.

ஒன்பது வயதில் அவளை ஒரு பாட்டு ஆசானிடம் விட்டார்கள். கொரியப் போர் முடிந்து ஊரில் சோறு இல்லாத காலம். ஒரு வாய் குறைந்தால் போதும் என்று விட்டது. அவள் தாளம் தப்பினால் ஆசான் மேளக்குச்சியால் முன்னங்காலில் அடிப்பார். கணுக்காலுக்கும் முட்டுக்கும் நடுவே, எலும்பு தோலோடு ஒட்டிக்கிடக்கும் இடத்தில். ஒரு தப்புக்கு ஒன்று. தூங்கி விழுந்தால் கூந்தலை உத்தரத்தில் கட்டிப்போடுவார். தலை சாய்ந்தால் முடியோடு மயிர்க்கால் பிடுங்கிக்கொண்டு வரும்.

பதினைந்து வயதில் அருவிக்கு அனுப்பினார். நூறு நாள். அருவியின் இரைச்சலை மீறித் தன் குரல் தன் காதுக்கே கேட்கும்வரை கத்த வேண்டும். நாற்பதாம் நாள் தொண்டையிலிருந்து ரத்தம் வந்தது. ஆசானிடம் போய்ச் சொன்னாள். 'இப்போதுதான் ஆரம்பிக்கிறது' என்றாராம். தொண்டை வீக்கம் வற்ற, மூங்கில் குழாயை மலக்குழியில் இறக்கி, அதில் வடிந்து சேர்ந்த தண்ணீரைக் குடிக்கவைத்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் மருந்து.

"குடிச்சியா?" என்றேன். என் கொரிய மொழியில் மரியாதை விகுதி பாதி நேரம் வராது. வந்த புதிதில் மேலாளரை 'டேய்' என்கிற தொனியில் அழைத்து ஒரு வாரம் தனியாகச் சாப்பிட்டவன் நான்.

"மூணு கிண்ணம்" என்றாள். மூணு கிண்ணம் பாயசம் என்பதுபோல.

பிறகு புருஷன். கல்யாண வீட்டில் பாடினாள் என்று தாடையைப் பெயர்த்தான். துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு அடுத்த வாரமே இன்னொரு கல்யாண வீட்டில் பாடினாள். பாவாடையை முட்டுவரை தூக்கி முன்னங்காலைக் காட்டினாள். சிப்பி ஒட்டிய பாறைபோல மேடும் பள்ளமுமாக இருந்தது.

"அடிச்ச கையெல்லாம் செத்துப்போச்சு" என்றாள். "குரல் இருக்கு பார்."

உண்மையிலேயே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் முதல் வரியை எடுத்தால், நான் மூடிவைத்திருக்கும் புத்தகத்துக்குள் எழுத்துகள் எழுந்து நிற்கும். கடலில் வலை அறுந்த இரவு நம்மூர்ப் பெண்கள் மணலில் நின்று கூப்பிடுவார்களே, பாட்டென்றும் சொல்ல முடியாது, அலறல் என்றும் சொல்ல முடியாது. அதை ஒருத்தி நினைத்தபோதெல்லாம் தொண்டையில் வரவழைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கேட்கிறவனுக்கும் அங்கே வேலை உண்டு. பாட்டு மூச்சு விடும் இடத்தில் சபையிலிருந்து குரல் எழ வேண்டும். 'ஜால்ஹந்தா!' என்பார்கள். நல்லா செய்யிற, சபாஷ் என்று அர்த்தம். சபாஷ் விழாவிட்டால் பாடகி அடுத்த வரிக்கு எதில் கால் வைப்பாள்? வந்த முதல் மாதம் நான் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நடுவில் நிறுத்தி, விசிறியால் என் தோளில் ஒரு போடு போட்டாள்.

"பிணம் மாதிரி உட்காராதே. கேட்டுவிட்டு வாய் திறக்காமல் போகிறவன் திருடன்."

எனக்கு இது பழகின தொழில். கல்லூரிக் காலத்தில் கடற்கரை தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களின் கோவில் கொடைகளுக்குப் போய், வில்லுப்பாட்டுக்காரர் நிறுத்தும் இடத்தில் எல்லாம் மேடைக்கு முன்னால் நின்று 'ஆமா' போட்டவன். தாளம் எங்கே இறங்கும் என்று மூக்கு சொல்லும். இரண்டே மாதத்தில் ஒக்புன் அம்மாள் என்னை ஊராரிடம், "என் இந்தியனுக்குக் காது இருக்கு" என்று காட்டத் தொடங்கினாள். தனியாக இருந்தேன். மனைவி மெர்சியும் மூன்று வயது மகள் செலினும் ஊரில். எனக்குக் காது இருக்கிறது என்று ஒரு ஆள் சொன்னால் போதுமாக இருந்தது.

3

கேட்கிறவன் குரல் கொடுக்க வேண்டும் என்பதை நான் படித்தது கோவில் கொடையில் மட்டுமில்லை. அதற்கு முன்னாலேயே வீட்டில் படித்தேன்.

அப்பாவிடம் ஒரு திருக்கைவால் இருந்தது. திருக்கை மீனின் வாலை அறுத்து, வெயிலில் உணக்கி, எண்ணெய் தடவிப் பரணில் சொருகி வைத்திருப்பார். உப்புத்தாள்போலச் சொரசொரப்பு. முதுகில் விழுந்தால் ஒரு சத்தம், இழுத்து எடுக்கும்போது இன்னொரு சத்தம். இரண்டாவதுதான் தோலைக் கொண்டுபோகும்.

எட்டு வயதில் முதல் அடி. கருவாட்டுக்குக் காவல் உட்கார்த்தினார்கள். நான் யாரோ கொடுத்த கிழிந்த துப்பறியும் கதைப் புத்தகத்தில் முகம் புதைத்து உட்கார்ந்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று தெரிவதற்குள் நாலு நாய்கள் கருவாட்டை முடித்துவிட்டன. கொலைகாரன் யார் என்று இன்றுவரை தெரியாது. அப்பா புத்தகத்தை அடுப்பில் போட்டார். என்னை வாசலில் போட்டார்.

அடி விழும்போது தெரு கூடும். நம் கடற்கரையில் எவரும் தடுக்க வரமாட்டார்கள். அது அடுத்தவன் வீட்டுக் காரியம். ஆனால் சும்மா நிற்கவும் மாட்டார்கள்.

"நல்லா குடு சூசையண்ணே! இன்னும் ரெண்டு கூட."

"முருங்கைய ஒடிச்சு வளக்கணும், பிள்ளைய அடிச்சு வளக்கணும்."

"எலே, ஒனக்குப் படிப்பு கேக்கா? வாங்கு, வாங்கு."

இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. மறுநாள் எனக்கு மாங்காய் கொடுத்தவர்கள். அடிக்கிறவன் கை ஓய்ந்துவிடக் கூடாது என்று கூட நின்றார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குள் நானும் நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெர்னாத்தை அவன் அப்பன் துடுப்பால் அடித்தபோது, நான் முன்னால் நின்று "இன்னும் ஒண்ணு மாமா" என்று கத்தியிருக்கிறேன். அவன் எனக்கு உயிர்ச் சிநேகிதன். கத்தாமல் நின்றால் எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அம்மா அந்த நேரத்தில் அடுக்களையில் செபமாலையை உரக்கச் சொல்லத் தொடங்குவாள். அடி வேகமானால் செபமும் வேகமாகும். முடிந்த பிறகு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொண்டு வருவாள். அந்த அடிகளில் பாதி அவளுக்கும் வரும். அவளுக்கு எண்ணெய் தடவ வீட்டில் ஆள் இருந்ததில்லை.

4

மிரான் மனுவில் எழுதியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கொரியாவில் மழைக்காலம். ஜூலை மாதம் அங்கே நம் ஐப்பசி மழைபோலக் கொட்டும். மத்தியானம் நான் பாயில் படுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பயிற்சி அறைக்கும் நடுவில் காகிதம் ஒட்டிய ஒரு தள்ளுகதவுதான். அந்தப் பக்கம் ஒக்புன் அம்மாள், மேளம், மிரான்.

மிரானுக்கு அப்போது இருபது வயது. குளச்சல் ஏலத்தில் மீன் கூறுகிற பெண்ணைப் போல நிமிர்ந்த உடம்பும், கேட்டால் மட்டும் பேசுகிற வாயும். நான்கு வருடமாக அந்த வீட்டில் சமைத்து, துணி துவைத்து, பாட்டுப் படித்தாள். ஒக்புன் அம்மாளுக்குப் பிறகு முழுக் கதையையும் கொண்டுபோகப்போவது அவள்தான் என்று ஊரில் பேச்சு.

அன்றைக்குப் போர்க்களக் கதை. தோற்ற படையின் சிப்பாய்கள் ஒவ்வொருவனாக வீட்டை நினைத்து அழும் இடம். மேளத்தில் இரண்டு சத்தம் உண்டு. தோலில் விழுந்தால் 'தும்'. ஓரத்து மரத்தில் விழுந்தால் 'டக்'. தும், டக், ஒக்புன் அம்மாளின் உறுமல், மிரானின் கிழிந்த அலறல், ஒரு மூச்சு இடைவெளி.

சரியான இடம். "ஜால்ஹந்தா!" என்றேன் படுத்தபடியே.

மறுபடி. இம்முறை அலறல் இன்னும் ஆழத்திலிருந்து வந்தது. இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குக் குரல் திறந்துவிட்டது என்று நினைத்தேன். மயிர்க்கூச்செறிந்தது. "ஜால்ஹந்தா!"

பிறகு மூன்றாவது முறை.

விருந்துகளில் நான் இந்தக் கதையைச் சொல்லும்போது இங்கே சிரிப்பு வரும். மூன்று முறை சபாஷ் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தால், பாட்டு இல்லை, அடி. ஊருக்குப் புதுசு, அவனவன் ஏமாறுகிற விதம் பார், என்று முடிப்பேன். மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். நன்றாக ஓடிய கதை. அதில் ஒரே ஒரு பொய்தான்.

முதல் இரண்டு முறை எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை தெரியும். ஏனென்றால் மேளத்துக்கு இரண்டு சத்தம்தான். மூன்றாவதாக ஒன்று கேட்டது, தோலிலும் படாமல் மரத்திலும் படாமல். ஈரமான சத்தம். அதை என் காது விளங்கிக்கொள்வதற்கு முன்னால் முதுகு விளங்கிக்கொண்டது. முதுகு இறுகியது. அப்போது அலறல் நின்று ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் நான் எழுந்து உட்கார்ந்து, முதல் இரண்டு முறையைவிட உரக்க, "ஜால்ஹந்தா!" என்றேன்.

அதற்குப் பின் ஓர் அடி விழுந்தது. அது தலையில் விழுந்த அடி.

கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனேன். மிரான் வெளியே வந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக வெள்ளைச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மழை அதைக் கழுவிக் கழுவி ரோஜா நிறமாக்கியது. கைவிரல்கள் வீங்கியிருந்தன, தடுத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். பின்னால் ஒக்புன் அம்மாள், கையில் மேளக்குச்சி, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்றைக்கு நீ நல்ல ரசிகன்" என்றாள்.

நான் அந்த நாட்டு முறைப்படி இடுப்பை வளைத்து வணங்கினேன்.

மிரான் சப்பாத்தை மாட்ட முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். என் கதவுக்குப் பின்னால் குடை இருந்தது. அன்று மாலை ஒக்புன் அம்மாள் எனக்கு ஒரு தட்டில் வெங்காயத்தாள் அடை சுட்டு அனுப்பினாள். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

5

இரண்டு வருடம் கழித்து மெர்சியும் செலினும் வந்தார்கள். அதே வீட்டில்தான் மேலும் நான்கு வருடம் இருந்தோம். ஒக்புன் அம்மாள் செலினுக்குச் சுட்ட கடற்பாசியில் சோறு சுருட்டி ஊட்டுவாள். ஒரு நாளும் கைநீட்டியதில்லை. செலினுக்கு அவள் என்றால் உயிர். மெர்சி ஊருக்குப் போன் பண்ணும்போது, "வீட்டுக்காரம்மா கொள்ளாம், தங்கமான மனுசி" என்பாள். நான் மறுக்கவில்லை. அதுவும் உண்மைதானே?

கைநீட்டியது நான். செலினுக்கு ஒன்பது வயதில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ழகரம் அவளுக்கு வரவில்லை. இந்த உலகத்தில் நம்மூர் ஒன்றில்தான் அந்த எழுத்து ஒழுங்காக இருக்கிறது என்று பெருமைப்படுகிற ஆள் நான். மூன்றாம் நாள் எஃகு அளவுகோலால் புறங்கையில் அடித்தேன். நான்கு தடவை. நாலாவது தடவை தோல் கீறிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. அங்கேயும் ஒரு படிவம். 'கண்டிக்கப் பயன்படுத்திய பொருள்' என்று ஒரு கட்டம். நான் 'தமிழ்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். இப்படித்தான், எந்த இடத்திலும் எனக்கு ஒரு வேடிக்கை முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

செலின் ஒரு மாதம் வீட்டில் தமிழ் பேசவில்லை. பிறகு பேசினாள், தேவைக்கு. இப்போது பதினேழு வயது. கனவு காண்பதும் கோபப்படுவதும் கொரிய மொழியில். என்னிடம் மட்டும் தமிழ். அலுவலக நேரத்தில் கவுன்டர் திறப்பதுபோல.

இரண்டு வருடம் முன்பு, வேலையில் ஒருவர் ஓய்வு பெற்ற விருந்தில் நான் அந்தச் சபாஷ் கதையை எடுத்துவிட்டேன். என் கொரிய மொழி பெயிண்டுக்குப் போதும், நகைச்சுவைக்குப் போதாது. வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தது செலின்தான். நல்ல மொழிபெயர்ப்பு, என்னைவிட நன்றாக இடைவெளி விட்டாள். மேசை முழுக்கச் சிரித்தது. ஒருவர் சிரிக்கவில்லை. யாருடைய மைத்துனரோ. மேளம் வாசிப்பவர் என்று பிறகு தெரிந்தது. மிரானுக்கு இப்போது வாசிப்பவர் அவர்தான். அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்துதான் வாசிப்பாராம். இடது பக்கம் உட்கார்ந்தால் அவளுக்குத் தாளம் கேட்காது.

என் பெயர் படிவத்துக்கு ஏறிய வழி இதுதான்.

6

திருப்பலி சாயங்காலம். அழைப்பு காலை பத்தரைக்கு. அப்பா வீட்டு நடு அறையில் நானும் செலினும் புளி போட்டுவைக்கும் பரணி ஜாடியில் சாய்த்துப் போனை வைத்தோம். அடுக்களையில் மெர்சி மத்தியானம் வரும் சொந்தக்காரர்களுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் பிரம்பு நாற்காலியில் அப்பா. எண்பத்தொன்று. பரணுக்கு எட்டாத கை.

"எதுக்குடே அந்தப் பிள்ளைய கூட வச்சிருக்க?" என்றார் உள்ளேயிருந்து.

"அவதான் எனக்கு வாய், அப்பா."

"ஒனக்கா வாய் இல்ல?"

திரையில் இளவயது அலுவலர் ஒருவர். பக்கத்துக் கட்டத்தில் மிரான். முப்பத்திநாலு வயதில் நரை ஏறியிருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வலது காதைத் திரைக்குக் கொடுத்திருந்தாள்.

பெயர், தொழில், குடியிருந்த காலம். செலின் கடகடவென்று முடித்தாள். பிறகு அலுவலர், அன்று கேட்டதைச் சொல்லுங்கள் என்றார். தமிழில் சொல்லத் தொடங்கினேன். செலினுக்குக் கதை தெரியும். நான் வாயெடுப்பதற்குள் அவள் மொழிபெயர்ப்பு கிளம்பிவிட்டது. முதல் சபாஷ். இரண்டாவது சபாஷ். ரெண்டும் தெரியாமக் கத்தினது என்றேன். சொன்னாள்.

"மூணாவது தெரிஞ்சு கத்தினது" என்றேன்.

செலின் அதை மொழிபெயர்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன தெரிஞ்சு?"

"அவ அந்தப் பிள்ளைய அடிக்கது தெரிஞ்சு."

"அப்பா, இது அந்தக் கதையில இல்லியே."

"கதையில இல்ல மக்களே."

"நான்தானே டிரான்ஸ்லேட் பண்ணினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"ஆமா."

"இதச் சொல்லணுமா?" அவள் குரல் இறங்கியது. "அவங்க எனக்குச் சோறு ஊட்டினவங்க."

"எனக்கும் அடை சுட்டுத் தந்தா. சொல்லு. கொறைக்காண்டாம்."

சொன்னாள். கொரிய மொழியில் அது மிகச் சின்ன வாக்கியம். அலுவலரின் பேனா நின்றது. எப்படித் தெரியும், நீங்கள்தான் பார்க்கவில்லையே என்று கேட்டார்.

"எனக்கு அந்தச் சத்தம் தெரியும்" என்றேன். "இந்த வீட்டுல, இந்த வாசல்ல, எட்டு வயசுல இருந்து என் முதுகுல கேட்ட சத்தம். திருக்கைவாலு சத்தமும் குச்சிச் சத்தமும் வேற வேற. வாங்குற ஒடம்பு ஒண்ணுதான்."

அடுத்த அறையில் பிரம்பு நாற்காலி முனகியது. அப்பா எழுந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனார். ஊன்றுகம்பின் சத்தம் கடற்கரைப் பக்கம் இறங்கியது. மெர்சியின் சட்டுவம் சத்தம் நின்றிருந்தது. மீன் கரிந்தது.

"தெரிந்தும் ஏன் கத்தினீர்கள்?" என்றார் அலுவலர்.

வேடிக்கை ஒன்று வந்து வாசலில் நின்றது. நல்ல வேடிக்கை. அதை உள்ளே விடவில்லை. வீட்டுக்காரி என்று சொல்லலாம், விசா என்று சொல்லலாம், மொழி தெரியாது என்றும் மறுபடி சொல்லலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

"அடிக்கவங்க பக்கம் நின்னு சத்தம் போட்டா நமக்கு விழாது. சின்னதுலயே படிச்சது. அன்னைக்கு என்னைய அடிக்க அங்க ஆளே இல்ல. ஆனாலும் கத்தினேன். நான் கத்தின பொறவுதான் தலையில அடி விழுந்துச்சு. அதையும் எழுதிக்கிடுங்க."

செலின் மொழிபெயர்த்தாள். பாதியில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. எனக்குப் புரிகிற அளவு மொழி என்னிடம் இருக்கிறது. தன் புறங்கையை இன்னொரு கையால் மூடி வைத்திருந்தாள்.

அலுவலர் எழுதி முடித்தார். பலகையைப் பற்றிய முடிவு கடிதத்தில் வரும் என்றார். மிரான் முதன்முறையாகப் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஒக்புன் அம்மாள் எழுந்து வந்துவிட்டாளோ என்றிருந்தது. உடைந்து, கிழிந்து, ஆறிய அதே குரல். முழுக் கதையும் கடைசியில் அவளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஓடிப்போனவள் என்று கையெழுத்துப் போட்டவர்கள் யாரிடமும் இல்லை.

செலின் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

"மூணாவது தடவை உங்க குரல் மாறியிருந்துச்சாம். அவங்களுக்கு அப்பவே தெரியுமாம். அதுவரைக்கும், பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு, வருவாங்கன்னு நினைச்சாங்களாம். அந்தக் காது கடைசியா கேட்டது உங்க சத்தம்தானாம்."

 

மிரான் மறுபடி ஏதோ சொன்னாள். அழாமல், கோபமில்லாமல், பேருந்து நேரம் சொல்வதுபோல. அடுத்த மாதம் மொக்போவில் பாடுகிறாள். அந்தப் போர்க்களக் கதையைத்தான், முழுசாக, மூன்றரை மணி நேரம். நான் வர வேண்டும். முன்வரிசையில் உட்கார வேண்டும். சபை முழுக்கச் சபாஷ் போடும். நான் மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாயைத் திறக்கக் கூடாது.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். செலின் என்னிடம் ஒன்றும் கேட்காமல் கொரிய மொழியில் பதில் சொல்லிவிட்டாள். வேகமாகச் சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. மிரான் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஒரு முறை தலையசைத்தாள். திரை அணைந்தது.

"என்ன மக்களே சொன்ன?"

செலின் போனைப் பரணியிலிருந்து எடுத்துத் துடைத்தாள்.

"வருவாருன்னு சொன்னேன். நான் பக்கத்துல உக்காந்து அவர் வாயப் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்."